மெஹிட்டபெல் எந்த வீட்டுப் பெண்?

நார்த் ஹாரோ, கேப் காட்
6 அக்டோபர் 1974

லொரெய்னுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. சாகக் கூடாதவன் போய் இரண்டாவது வருஷம் முடியப் போகிறது, அவ்வளவுதான்.

எனக்கு எழுத வராது. ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மீன் கொட்டகைக்குப் போனவள். தப்பு இருந்தால் சிரித்துக்கொள், திருத்தி அனுப்பாதே.

விஷயம் எல்டனின் பெட்டிகள். வெள்ளிக்கிழமை ஆரின் ஸ்வெயின் வந்தார், நம் வாட்லோ குடும்பச் சங்கத்துச் செயலாளர். முதல் வாட்லோ கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து இன்றுவரை எல்லா வாட்லோக்களையும் ஒரு புத்தகமாகப் போடுகிறார்கள். மே மாதம் அச்சுக்குப் போகிறது. அதில் மெஹிட்டபெல்லின் பக்கத்தைக் காட்டினார். ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னால் யூரையா வாட்லோவைக் கட்டியவள். எல்டன் அவளை ஹிட்டி என்றுதான் சொல்வான், ஏதோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. கல்யாணப் பதிவில் ‘மெஹிட்டபெல் டோபி’ என்று இருக்கிறது. எந்த டோபி வீட்டுப் பெண் என்று யாருக்கும் தெரியவில்லை. நம் எல்டன்தான் நாதன் டோபியின் உயிலைத் தேடிப் பிடித்து, அவருடைய மகள் இவள் என்று காட்டினான்.

புத்தகத்தில் இப்படி வருகிறது: ‘நாதன் டோபியின் மகள். கண்டறிந்தவர் எல்டன் வாட்லோ.’

அச்சில் என் மகன் பெயர். அவனுக்குப் பிள்ளை இல்லை. கல்லில் பெயர் இருக்கிறது, அந்தக் கல்லைப் பார்க்க நான் ஒருத்திதான் போகிறேன். புத்தகம் என்றால் நூலகத்தில் இருக்கும், நான் போன பிறகும் யாராவது பிரிப்பார்கள்.

உயிலைப் பார்த்து அவன் எழுதிவைத்த நகல் வேண்டும் என்கிறார் ஸ்வெயின். அது நீ தூக்கிக்கொண்டு போன பெட்டிகளில் இருக்கிறது. அனுப்பிவிடு.

கிரான்பெர்ரிக் கொட்டகையில் பழம் பொறுக்கப் போகிறேன். அங்கே கை ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போகிறேன், அடுப்புக்குப் போகிறேன், மறுபடி ஜன்னல்.

வெர்னா வாட்லோ


பஃபலோ
20 அக்டோபர் 1974

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்திருந்தேன். சாவுச் செய்தி என்று நினைக்கவில்லை. திட்டு என்று நினைத்தேன். பாதி சரியாகத்தான் இருந்தது.

பெட்டிகளை நான் தூக்கிக்கொண்டு வரவில்லை, அத்தை. நீங்கள்தான் அவற்றை வாசலுக்கு வெளியே வைத்திருந்தீர்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. “இந்தக் குப்பைய இனிமே யாரு பாக்கப்போறா” என்று சொன்னீர்கள். வேதனையில் சொன்ன சொல் என்று தெரியும். ஆனாலும் அவை நனைவதைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

உயில் நகல் இருக்கும் பெட்டியை பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். மற்றது என்னிடம் இருக்கட்டும். அவன் அலைந்து சேர்த்தது. சனிக்கிழமைகளில் கூடப் போனவள் நான். அவன் பதிவகத்துக்குள் இருப்பான், நான் வெளியே காரில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு குளிரில் விறைப்பேன். உயில் கிடைத்த அன்று மூக்கில் தூசியோடு ஓடி வந்தான்.

“லோரி, கிடைச்சுட்டா!”

“யாரு?”

“ஹிட்டி! அவளுக்கு ஒரு பசு குடுத்திருக்கான்டி கிழவன்!”

“எனக்கு ஒரு சூடான காப்பி குடு முதல்ல. பசுவ அப்பறம் பாக்கலாம்.”

பார்சல் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று உயிலின் அந்த வரியை இங்கே எழுதுகிறேன்: ‘என் மகள் மெஹிட்டபெல் வாட்லோவுக்கு ஒரு பசுவும், அவள் என் வீட்டில் இருந்தபோது படுத்த படுக்கையும்.’ உயில் எழுதிய வருஷம் 1724. அப்போது அவள் யூரையாவைக் கட்டி ஐந்து வருஷம்.

நான் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறேன். நலம்.

லொரெய்ன்


நார்த் ஹாரோ
17 நவம்பர் 1974

லொரெய்னுக்கு,

பெட்டி வந்தது. திறந்தால் லாரி எண்ணெய் நாற்றம். லாரி ரிப்பேர் பார்த்த அந்தக் கையோடுதான் காகிதத்தைத் தொட்டிருக்கிறான். மூடி வைத்துவிட்டு கொல்லையைச் சுற்றி வந்தேன், பிறகு திறந்தேன், பிறகு மூடினேன். கடைசியில் ஸ்வெயின் வந்துதான் எடுத்துப் படித்தார்.

அவருக்கு ஒரு இடத்தில் தாடை சொறிய வேண்டியிருந்தது. நாதன் டோபிக்குப் பிறந்த பிள்ளைகளை ஊர்ப் பதிவிலிருந்து எல்டன் எழுதிவைத்திருக்கிறான். அதில் ஹிட்டி இல்லை. ஓரத்தில், ‘எழுத்தர் விட்டுவிட்டார் போலும்’ என்று எல்டனே குறித்திருக்கிறான்.

“விட்டிருப்பானா?” என்று கேட்டேன்.

“விடறதுண்டு” என்றார். பிறகு, “வெர்னா, உன் காப்பி தார் மாதிரி இருக்கு.”

“அப்ப குடிக்காதீங்க.”

குடித்துவிட்டுத்தான் போனார். புத்தகத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று. மீன் கொட்டகை பியூலாவின் மகன் உங்கள் ஊருக்கு மீன் லாரி ஓட்டுகிறான். மாதா கோயில் சந்தையில் உன்னைப் பார்த்தானாம். உன் பையை ஒருவன் தூக்கிக்கொண்டு வந்தானாம். உயரமாமே. எல்டன் உயரமில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

வெர்னா


பஃபலோ
22 பிப்ரவரி 1975

அத்தைக்கு,

மூன்று மாதம் பதில் போடவில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரியும், அதனால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பையைத் தூக்கி வந்தவர் பெயர் ரே. ரயில் பட்டறையில் வேலை. அவருக்கும் மனைவி தவறிவிட்டாள். ஈஸ்டர் முடிந்து, ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி எங்களுக்குக் கல்யாணம். இதை யாரோ லாரிக்காரன் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது என்று நானே எழுதுகிறேன்.

நேற்று கல்யாண லைசென்ஸ் வாங்க நகர மன்றத்துக்குப் போனோம். எழுத்தர் சின்ன வயசுக்காரன், சூயிங்கம் மென்றுகொண்டு நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

“பொண்ணு பேரு?”

“லொரெய்ன் வாட்லோ.”

எழுதிக்கொண்டான். அத்தை, அது என் பெயர்தான். பத்து வருஷமாக அதுதான் என் பெயர். வாய் தானாகச் சொன்னது. பிறகுதான் அடுத்த கேள்வி கேட்டான்: “முன்னாடி கல்யாணம் ஆனதுண்டா? அப்பா பேரு?” அதையும் சொன்னேன்.

படியிறங்கும்போது கால் நின்றுவிட்டது. ரே, “என்னாச்சு, மனசு மாறிடுச்சா?” என்று கேட்டார். பாவம், முகம் வெளுத்துப் போயிற்று. “இல்ல, ஹிட்டி” என்றேன். “எந்த ஹிட்டி?” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்தக் காலத்து எழுத்தர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை என்றால்? அவளும் என்னைப் போல அப்போது இருந்த பெயரைச் சொல்லியிருந்தால்? டோபி என்பது அவள் பிறந்த வீட்டுப் பெயராக இல்லாமல், செத்துப்போன முதல் புருஷனின் பெயராக இருந்தால்?

வீட்டுக்கு வந்ததும் மற்ற பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். அதில் எல்டன் எழுதிய பிள்ளைகள் பட்டியலுக்கு இன்னொரு நகல் இருந்தது. நாதன் டோபியின் பிள்ளைகளில் ஹிட்டி இல்லை, ஆனால் ஜேபெஸ் என்று ஒரு மகன் இருக்கிறான். ஹிட்டிக்கும் யூரையாவுக்கும் பிறந்த மூத்தவன் பெயரும் ஜேபெஸ். வாட்லோ குடும்பத்தில் அதற்கு முன் அந்தப் பெயரே கிடையாது. உயிலையும் பாருங்கள். சொந்த மகளைப் பற்றி, ‘அவள் என் வீட்டில் இருந்தபோது’ என்று யாராவது எழுதுவார்களா? அது வந்துபோனவளைப் பற்றி எழுதுவது.

நான் நினைப்பது சரியென்றால், அவள் நாதன் டோபியின் மகள் இல்லை, மருமகள். அப்படியானால் எல்டன் கண்டது தப்பு. அவள் எந்த வீட்டுப் பெண் என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

லொரெய்ன்


நார்த் ஹாரோ
1 மார்ச் 1975

லொரெய்ன்,

உன் பெயரை மாற்றிக்கொள்ளப் போகிறாய். மாற்றிக்கொள். வயசுப் பெண், உன்னை யார் பிடித்து வைத்தார்கள். ஆனால் போகிற போக்கில் அவன் பெயரையும் புத்தகத்திலிருந்து எடுக்கச் சொல்கிறாயே, அது ஏன்? உன் மேலிருந்து அவன் பெயர் போகிறது, அது போதாதா? லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில்தானா உனக்கு இந்த ஞானம் வர வேண்டும்?

உயிலில் மகள் என்று இருக்கிறது. என் மகன் தன் கையால் எழுதிவைத்திருக்கிறான். மகள் என்றால் மகள். மருமகளை யாரும் மகள் என்று எழுத மாட்டார்கள். நான் எழுதுவேனா?

ஸ்வெயினிடம் சொல்லப்போவதில்லை. நீயும் சொல்லாதே.

வெர்னா


பஃபலோ
9 மார்ச் 1975

அத்தைக்கு,

சொல்ல மாட்டேன். பெட்டியைக் கட்டி பரணில் போட்டுவிட்டேன். புத்தகம் இருப்பது போலவே வரட்டும்.

ஒன்று மட்டும். அவன் பெயர் என் மேலிருந்து போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயர் எனக்கு ஒரு சட்டை மாதிரி என்று நினைக்கிறீர்கள் போல. காலையில் கடையில் யாராவது எல்டன் மாதிரி தொண்டையைச் செருமினால் கையிலிருக்கும் தட்டு ஆடுகிறது. ரொட்டி வாங்க வரும் ரேவுக்கு அது தெரியும். அவர் தட்டைப் பிடித்துக்கொள்வார், ஒன்றும் கேட்க மாட்டார். அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் அழுதோம். சுவர் மெல்லிசு, எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும். ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை. அதனால்தான் கிளம்பினேன். வேறு காரணம் இல்லை.

கல்யாணத்துக்குக் கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. கூப்பிடுகிறேன்.

லொரெய்ன்


நார்த் ஹாரோ
5 ஏப்ரல் 1975

என் மகள் லொரெய்னுக்கு,

உன் நினைப்பு தப்பு என்று காட்டத்தான் கிளம்பினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பனி உருகியதும் ஜெபவீட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய இடுகாட்டுக்குப் போனேன். டோபிகள் எல்லாம் வடக்கு வேலியோரம் கிடக்கிறார்கள். எங்கேயாவது ‘நாதனின் மகள் மெஹிட்டபெல்’ என்று ஒரு சொல் இருந்தால் உன் முகத்தில் எறியலாம் என்று ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். எல்லாக் கல்லிலும் அதே இறக்கை முளைத்த மண்டையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு. ஈரக் கைக்குட்டையால் பாசியைத் துடைத்துத் துடைத்து விரல் மரத்துவிட்டது. ஹிட்டி இல்லை. ஜேபெஸ் இருந்தான். ‘ஜேபெஸ், நாதன் டோபியின் மகன், 1717இல் இறந்தான், வயது 23.’

ஹிட்டி யூரையாவைக் கட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

நேரே ஸ்வெயின் வீட்டுக்கு நடந்தேன். செருப்பெல்லாம் சேறு, அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அங்கேயே நின்று கேட்டேன்.

“ஸ்வெயின் சார், அந்தக் காலத்துல மருமகளை மகள்னு எழுதுவாங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார்.

“கேக்கறேன்ல.”

“எழுதுவாங்க வெர்னா. மருமகள்னு தனியா எழுதறது அபூர்வம். மகன் பொண்டாட்டியும் மகள்தான். அந்தச் சொல்லை நம்ம காலத்துச் சொல்லா படிச்சா ஏமாந்துபோவோம். நிறைய பேர் ஏமாந்திருக்காங்க.”

“மூத்த பையனுக்கு ஜேபெஸ்னு வச்சிருக்காளே?”

“விதவை மறுபடி கட்டிக்கிட்டா முதல் புருஷன் பேரைப் பையனுக்கு வைக்கறது உண்டு. ரெண்டாவது புருஷனும் ஒண்ணும் சொல்லமாட்டான்.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“சந்தேகம் இருந்துச்சு. எல்டன் போனதுக்கப்பறம் அந்தப் பக்கத்தைத் தொட எனக்கு மனசு வரல.”

“மனசு வரலியாம்! இவ்வளவு பெரிய புஸ்தகம் போடறவருக்கு!” என்று கத்தினேன். அவர் மனைவி உள்ளே ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

வீட்டுக்கு வந்து உட்காரவில்லை. சனிக்கிழமைதோறும் சமைக்கிற பீன்ஸை ஊறப்போட்டேன், மறுநாள் சனிக்கிழமையே இல்லை. சும்மா இருந்தால் புத்தகம் வந்துவிடும், எல்டன் பெயர் வந்துவிடும், உன்னையும் என்னையும் ஸ்வெயினையும் தவிர யாருக்கும் தெரியாது. அதற்காக எத்தனை தடவை கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பியிருப்பேன் தெரியுமா. ஒவ்வொரு தடவையும் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன்.

ஆனால் அந்த நாதன் டோபி விடவில்லை. அவன் மகன் செத்து ஏழு வருஷம். அவள் இன்னொருத்தன் வீட்டுக்குப் போய், அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு, பிள்ளை பெற்று உட்கார்ந்திருக்கிறாள். சாகப்போகிற கிழவன் எழுதுகிறவனைக் கூப்பிட்டு, மகள் என்று எழுது, வாட்லோ என்றும் எழுது என்கிறான். இரண்டையும் ஒரே வரியில். அவனுக்கு நெஞ்சில் அடைக்கவில்லையா? அடைத்திருக்கும். சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்லை எல்டன் தப்பாகப் படித்தான், அவன் பேரில் குற்றமில்லை. ஆனால் தெரிந்த பிறகும் நான் அதை அச்சில் பொய்யாக்கினால், ஹிட்டிக்குப் பொய் அப்பனையும் வைத்து, கிழவன் செய்ததையும் அழித்த மாதிரி ஆகும்.

வியாழக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். ஸ்வெயின் புதிதாக எழுதி வாசித்துக் காட்டினார்: ‘மெஹிட்டபெல், தந்தை பெயர் தெரியவில்லை. முதலில் நாதன் டோபியின் மகன் ஜேபெஸின் மனைவி, பின்னர் யூரையா வாட்லோவின் மனைவி.’

“கண்டறிந்தவர் யாருன்னு போடறது?” என்று கேட்டார். “எல்டன் பேரே இருக்கட்டுமா? உயிலைக் கொண்டுவந்தது அவன்தானே.”

இருக்கட்டும் என்று வாய்வரை வந்தது லொரெய்ன். ஆனால் ஒரு வரிதான் போட முடியுமாம், ஒரு பெயர்தான். கண்டது நீ.

“லொரெய்ன்னு போடுங்க” என்றேன்.

“லொரெய்ன் வாட்லோவா? புஸ்தகம் வரும்போது அந்தப் பொண்ணு வேற பேருல இருக்குமே.”

“மூணையும் போடுங்க. அப்பா வீட்டுப் பேரு, வாட்லோ, புதுசு.”

“அவ்வளவுக்கு இடமில்ல வெர்னா.”

“ஹிட்டிக்கும் இப்படித்தான் இடமில்லன்னு ஒருத்தன் விட்டுட்டான்.”

பேனாவை எடுத்துக்கொண்டார். ஆக நடுவில் வாட்லோ இருக்கும். அது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். போதாது. என் மகன் பெயரை என் வாயாலேயே எடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் அப்பா வீட்டுப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பெரிசாக எழுதி அனுப்பு. கீ என்று முடிகிற அந்தப் பெயர் எனக்கு வாயிலும் நுழையாது, பேனாவிலும் நுழையாது. ரேயின் பெயரையும் எழுது. ஸ்வெயினுக்கு மே முதல் வாரத்துக்குள் வேண்டும்.

உங்களுக்குப் பையன் பிறந்தால் எல்டன் என்று வை என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அது உன் வீடு.

கல்யாணத்துக்கு வர மாட்டேன். கூப்பிட்டதற்குச் சந்தோஷம், ஆனால் வந்து அந்த உயரமானவன் பக்கத்தில் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கால் இன்னும் பழகவில்லை. கோடையில் பார்ப்போம்.

மேலே உன்னை என்னவென்று எழுதியிருக்கிறேன் என்று கவனித்திருப்பாய். அந்தக் காலத்து அர்த்தத்தில் எழுதினேனா இந்தக் காலத்து அர்த்தத்தில் எழுதினேனா என்று பிற்பாடு யாராவது தாடையைச் சொறிந்துகொள்ளட்டும். எழுதியிருப்பது அதுதான்.

வெர்னா